பாம்பு வரும் வீட்டில் இருப்பவர்களுக்கு

தோட்டத்து வீடு, வயலை ஒட்டிய வீடு, ஊர்க்கோடியில் புதிதாக எழுப்பிய வீடு, எதுவானாலும் வருஷத்தில் ஓரிரு முறை பாம்பு தலைகாட்டத்தான் செய்யும். நெல்லும் தீவனமும் இருந்தால் எலி வரும், எலி வந்தால் பாம்பு வரும். அதை அடியோடு நிறுத்த யாராலும் ஆகாது. பாம்பும் உங்கள் கை காலும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், இருட்டில் சந்திக்காதபடி பார்த்துக்கொள்ளலாம். கீழே உள்ளதெல்லாம் அதற்கான ஏற்பாடுதான். முக்கியமாகக் கட்டுவிரியனை நினைத்து வீட்டை ஒழுங்குபடுத்துங்கள். மற்றவற்றுக்கும் அதுவே பெரும்பாலும் போதும்.

நான்கு பாம்பு, நான்கு குணம்

தமிழ்நாட்டுச் சமவெளியில் உயிரைப் பறிக்கும் கடி பெரும்பாலும் நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன் ஆகிய நான்கில் ஒன்றுடையதாக இருக்கும்.

நல்ல பாம்பு படம் எடுத்தால் குழந்தைக்கும் தெரியும். எடுக்காதபோது சாரை மாதிரிதான் இருக்கும். சாரைக்குக் கண் பெரிது, கழுத்து ஒடுங்கித் தலை தனியாகத் தெரியும், உதட்டோரம் கறுப்புக் கோடுகள் இருக்கும், ஆளைக் கண்டதும் ஓட்டம் பிடிக்கும். நல்ல பாம்புக்குக் கழுத்தும் தலையும் ஒரே அகலமாக ஓடும். சீறி, படம் விரித்து, "கிட்டே வராதே" என்று சொல்லிவிட்டுக் கடிக்கிற பாம்பு அது. அந்த வகையில் நாலில் நாகரிகமானது என்றே சொல்லலாம். சாரையும் நல்ல பாம்பும் பிணைகின்றன என்று ஊர் கூடி வேடிக்கை பார்க்குமே, அங்கே இருப்பது இரண்டும் ஆண் சாரைகள். அவை மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்.

கண்ணாடி விரியன் தடித்த உடம்பு, முக்கோணத் தலை. முதுகில் கரும்பழுப்பு வட்டங்கள் மூன்று வரிசையாக, சங்கிலி கோத்தது போல ஓடும். சீண்டினால் பிரஷர் குக்கர் ஆவி விடுகிற மாதிரி நீளமாகச் சீறும். ஆள் வந்தால் விலகாது, இருந்த இடத்திலேயே சுருண்டு கிடக்கும். அதனால்தான் மிதிபடுகிறது. மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துக் கையில் எடுத்துக் கடிபட்டவர்கள் உண்டு. மலைப்பாம்பின் திட்டுகள் ஒழுங்கில்லாமல், ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். சந்தேகம் என்றால் விரியன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இது முட்டையிடாது, குட்டி போடும், ஒரு ஈற்றில் இருபது முப்பது கூட இருக்கும். வாசலில் ஒரு குட்டியைப் பார்த்தால் இன்னும் சில பக்கத்தில் இருப்பதாக எண்ணித் தேடுங்கள். குட்டிக்கும் பிறந்த அன்றே நஞ்சு உண்டு.

சுருட்டை விரியன் ஒரு முழம்தான் இருக்கும். ராமநாதபுரம், சிவகங்கை, தூத்துக்குடி பக்கத்து வறண்ட மண்ணில், கல்லிடுக்கில் கிடக்கும். உடம்பை மடித்து மடித்துச் செதில்களை உரசிச் சரசரவென்று சத்தம் எழுப்பும். சின்னது என்று செருப்புக் காலால் தள்ளிவிடப் போகிறவர்களைத்தான் அது அதிகம் கடிக்கிறது.

கட்டுவிரியனுக்கு வருவோம். பளபளக்கும் கறுப்பு உடம்பு, குறுக்கே மெல்லிய வெள்ளைக் கட்டுகள், பெரும்பாலும் இரண்டிரண்டாக. கழுத்துப் பக்கம் கட்டு இருக்காது, அல்லது மங்கலாக இருக்கும். வால் பக்கம் போகப் போகத் தெளியும். பகலில் சுருண்டு தலையை உடம்புக்கடியில் மறைத்துக்கொண்டு சோம்பலாகக் கிடக்கும். அதைப் பார்த்து "சாதுவான பாம்பு" என்று ஏமாறக்கூடாது. இரவில் அது வேறு பாம்பு. பல்லி, எலிக்குஞ்சு, சின்னப் பாம்புகளைத் தேடி வீட்டுக்குள் நுழையும். தரையில் படுத்திருப்பவர் புரண்டு அதன்மேல் கை போட்டால் கடிக்கும். பல் மிகச் சிறியது என்பதால் வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல தடவை பல் தடமே இருக்காது. எறும்போ கொசுவோ என்று எண்ணித் திரும்பவும் தூங்கிவிடுவார்கள்.

வெள்ளிக்கோல் வரையன் என்கிற நஞ்சில்லாப் பாம்பு அச்சு அசல் இதைப்போல இருக்கும். அதற்குக் கட்டுகள் கழுத்தில் தெளிவாகத் தொடங்கி வால் பக்கம் மங்கும். சுவரில், கதவுச் சட்டத்தில் நன்றாக ஏறும். இதெல்லாம் மனசு சமாதானத்துக்குத் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். டார்ச் வெளிச்சத்தில் பார்த்து முடிவுசெய்து கையில் பிடிக்கிற அளவுக்கு இந்த அடையாளம் நம்பகமானதில்லை.

எதிரே பார்த்துவிட்டால்

நின்றுவிடுங்கள். பாம்பு தன் உடம்பு நீளத்தில் பாதிக்கு மேல் எட்டிக் கொத்துவது அரிது. ஆறடிப் பாம்பு என்றாலும் பத்தடி தள்ளி நிற்பவரை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே முதல் வேலை, பின்காலால் மெதுவாக நகர்ந்து பத்தடி இடைவெளி உண்டாக்குவது. அடுத்தது குழந்தைகளையும் நாயையும் அப்புறப்படுத்துவது. நாய் சுற்றிச் சுற்றிக் குரைத்தால் பாம்பு பயந்து அருகில் உள்ள முதல் சந்தில் நுழையும், அந்தச் சந்து பெரும்பாலும் உங்கள் வீட்டுக் கதவாக இருக்கும்.

வெளி வாசலில், தோட்டத்தில் என்றால் அது போகிற வழியை விட்டுவிட்டுப் பாருங்கள். பத்து நிமிஷத்தில் போய்விடும். கல்லெறிந்தால் திரும்பி வரும் என்பதில்லை, ஆனால் அடிபட்ட பாம்பு விறகுக்குள்ளோ மோட்டார் கொட்டகைக்குள்ளோ போய்ப் பதுங்கிக்கொள்ளும், பிறகு அங்கே கை வைக்கவே பயமாக இருக்கும். பழிவாங்கும், ஜோடி தேடி வரும் என்பதெல்லாம் கதை. அடிக்கப் போய்க் கடிபடுவதுதான் நிஜத்தில் நடப்பது. நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சாரை எல்லாம் 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை, கொல்வது குற்றம் என்பது தனி.

வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. ஒருவர் பத்தடி தள்ளி நின்று, பாம்பைவிட்டுக் கண்ணை எடுக்காமல் இருக்க வேண்டும். பாம்பைத் தொலைத்துவிட்டால் அன்றிரவு யாரும் தூங்க முடியாது. மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம்.
2. மற்றவர்கள் வெளியேறி, அந்த அறையிலிருந்து உள்ளே போகும் கதவுகளைச் சாத்தி, கீழ் இடைவெளியில் நனைத்த சாக்கைச் சுருட்டித் திணிக்க வேண்டும்.
3. வெளிப்பக்கத்துக் கதவைத் திறந்துவிடுங்கள். அந்தப் பக்கம் யாரும் நிற்கக்கூடாது.
4. வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ (101 அல்லது 112) பேசுங்கள். உங்கள் பகுதி வனச்சரக அலுவலக எண்ணை இன்றைக்கே கேட்டுவாங்கிச் சுவரில் எழுதிவையுங்கள். பாம்பு வந்த பிறகு அந்த எண்ணைத் தேடிக்கொண்டிருக்க நேரமிருக்காது.

மண்ணெண்ணெய் தெளிப்பது, மிளகாய்ப் புகை போடுவது, கொதிநீர் ஊற்றுவது எதுவும் வேண்டாம். எரிச்சல் தாங்காமல் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது. துடைப்பத்தால் தள்ளுவதும் அப்படியே, துடைப்பத்தின் நீளம் உங்களைக் காப்பாற்றப் போதாது.

படுக்கை

பணம் குறைவாக, பலன் அதிகமாகக் கிடைக்கும் இடம் இதுதான். கட்டில் இருந்தால் கட்டிலில் படுங்கள், கயிற்றுக் கட்டிலாக இருந்தாலும் சரி. போர்வை நுனி தரையில் தொங்கக்கூடாது, அதைப் பிடித்து ஏறிவிடும். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்திப் போடுங்கள்.

கட்டில் இல்லை, தரைதான் என்றால் கொசுவலை. அதையும் கட்டுகிற விதத்தில் கட்ட வேண்டும்: நான்கு பக்கமும் வலையின் ஓரம் பாய்க்கு அடியில் ஓரடியாவது உள்ளே போய், உங்கள் எடையே அதை அழுத்திப் பிடிக்க வேண்டும். சும்மா தொங்கவிட்ட வலை கொசுவுக்கே பத்தாது. இரவில் எழுந்துபோய்விட்டு வந்தால் மறுபடி செருக வேண்டும். பலரும் விட்டுவிடுவது இந்த இரண்டாவது செருகலைத்தான். ஓட்டு வீடு, கீற்று வீடு என்றால் வலைக்கு மேல்பக்கமும் மூடியிருக்க வேண்டும். கூரையில் எலி துரத்தும் பாம்பு கீழே விழுவது உண்டு.

மூலையில் சுருட்டி நிறுத்தியிருக்கும் பாய் கட்டுவிரியனுக்குப் பிடித்த இடம். விரிக்கும் முன் பாயின் ஒரு நுனியைப் பிடித்துத் தூக்கி, எதிர்ப்பக்கம் திறந்துகொள்ளும்படி உதறுங்கள். மடித்து அடுக்கிய படுக்கை, தலையணைக் குவியல், கழற்றிப்போட்ட ஷூ, வண்டியில் மாட்டிவைத்த ஹெல்மெட் எல்லாவற்றுக்கும் இதே விதி.

தலைமாட்டில் டார்ச். இரவில் பாத்ரூம் போகக் காலைத் தரையில் வைக்கும் முன் ஒரு முறை சுற்றி அடியுங்கள். கம்பால் தட்டிக்கொண்டு போனால் பாம்பு விலகும் என்பது சாரைக்கும் நல்ல பாம்புக்கும் ஓரளவு பலிக்கும். விரியன்கள் அசையாது. அவற்றுக்கு வெளிச்சமே மருந்து.

சந்தும் எலியும்

வீட்டைச் சுற்றி ஒரு பென்சிலோடு நடந்துபாருங்கள். பென்சில் நுழைகிற இடைவெளியில் குட்டிப் பாம்பு நுழையும். வழக்கமாகத் தோற்கும் இடங்கள் மூன்று. முதலில் கதவின் அடி: பழைய வீடுகளில் உயர்ந்த நிலைப்படி இருந்தது, கதவு அதில் வந்து முட்டும். இப்போது தரை சமமாக இருக்கட்டும் என்று அதை எடுத்துவிட்டோம். ஓரங்குல உயரத்துக்குச் சிமெண்டிலோ கிரானைட்டிலோ ஒரு மேடு கட்டலாம். அல்லது கதவின் அடிப்பக்கம் ரப்பர் பட்டையைத் திருகாணியால் அடிக்கலாம். பசையால் ஒட்டினால் ஒரு மழைக்காலம் தாங்காது. பட்டை தரையை லேசாக உரச வேண்டும். இரட்டைக் கதவு என்றால் நடுச் சந்தையும் பாருங்கள்.

இரண்டாவது, குளியலறை, சமையலறைத் தண்ணீர் வெளியே போகும் துளை. கால் அங்குலக் கண்ணுள்ள துருப்பிடிக்காத கம்பிவலையை வெட்டித் துளைக்கு வெளிப்புறம் பதியுங்கள். உள்பக்கம் வைத்தால் முடியும் சோப்பு அழுக்கும் அடைத்து, நாலே நாளில் யாராவது பிடுங்கி எறிந்துவிடுவார்கள். மூன்றாவது, ஏசி பைப், மோட்டார் ஒயர், கேபிள் போகச் சுவரில் போட்ட ஓட்டைகள். சிமெண்ட் கலவையால் அடையுங்கள். துணியையும் பேப்பரையும் எலி கடித்துவிடும்.

பிறகு எலி. தவிடு, புண்ணாக்கு, கோழித் தீவனத்தைத் தகர டின்னில் மூடிவையுங்கள். நாய்க்கு வைத்த சோறு இரவு முழுக்க வாசலில் கிடக்கக்கூடாது. சொட்டுகிற குழாய் தேரையை அழைக்கும், தேரை நல்ல பாம்பை அழைக்கும். வாசல் விளக்கும் அப்படித்தான்: கதவுக்கு நேர் மேலே போட்டால் பூச்சி, பூச்சிக்குப் பல்லியும் தவளையும், அதற்குப் பாம்பு. விளக்கைப் பதினைந்து அடி தள்ளி ஒரு கம்பத்தில் மாட்டி, வெளிச்சம் வாசலில் விழும்படி திருப்பிவிடுங்கள்.

விறகு, தென்னை மட்டை, மிச்சமான ஹாலோ பிளாக், பழைய ஓடு எல்லாம் சுவரோரம் சாத்துவது நம் பழக்கம். அவற்றை வீட்டிலிருந்து முப்பதடி தள்ளி, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் கல் வைத்துப் பலகை போட்டு அடுக்குங்கள். அடியில் வெளிச்சம் தெரிய வேண்டும். வைக்கோல் போருக்கு இது ஒத்துவராது. அதை எவ்வளவு தள்ளிப் போட முடியுமோ அவ்வளவு நல்லது. கூரையைத் தொடுகிற மரக்கிளைகளை வெட்டிவிடுங்கள்.

வேலி ஓரம் நைலான் வலை கட்டுவது பரவிவருகிறது. பாம்பு அதில் சிக்கி, உயிரோடு, கோபத்தோடு, உங்கள் வாசலிலேயே கிடக்கும். வேண்டாம். பூண்டுத் தண்ணீர், பினாயில், நாப்தலின் உருண்டை, உப்பு, வாசலில் கட்டிய ஆகாச கருடன் கிழங்கு இவற்றை நம்பிக் கதவுச் சந்தை அடைக்காமல் விடுவதுதான் இவற்றின் ஆபத்து.

கை வைக்கும் வேலைகள்

வைக்கோலைக் கட்டிப்பிடித்து உருவக்கூடாது. கொக்கியால் மேலிருந்து இழுங்கள். விறகை எடுக்கும் முன் நீளக் கம்பால் குவியலைக் கலைத்து ஒரு நிமிஷம் பொறுங்கள். கல்லையோ பலகையையோ புரட்டும்போது எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்து உங்களை நோக்கிச் சாய்த்துத் தூக்கினால், திறப்பு உங்களுக்கு எதிர்ப்பக்கம் விழும், பாம்பும் அந்தப் பக்கம் போகும். கோழிக் கூண்டில் முட்டை எடுக்க இருட்டில் கை விடாதீர்கள்.

நெல் அறுப்பு, கடலை பிடுங்குதல், கரும்பு சோகை உரித்தல், இரவில் தண்ணீர் கட்டப் போவது, எல்லாவற்றுக்கும் கெண்டைக்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ். கடி பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலும்தான் விழுகிறது. வியர்க்கும், சேற்றில் கனக்கும், உண்மைதான். அறுப்பு நாட்களுக்காவது போடுங்கள்.

கடித்துவிட்டால்

நஞ்சை வீட்டில் இறக்க வழி கிடையாது. மாற்று மருந்து ஒன்றுதான்: பாம்புக்கடி நச்சுமுறி. அது மேற்சொன்ன நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் சேர்த்துத் தயாராவது. நஞ்சைச் சேகரித்துக் கொடுப்பவர்களில் 1978-ல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் முக்கியமானது. ஒரே மருந்து நாலுக்கும் என்பதால் பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டிய அவசியமே இல்லை. தள்ளி நின்று போனில் படம் எடுக்க முடிந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். செத்த பாம்பின் தலைகூடச் சிறிது நேரத்துக்குக் கடிக்கும்.

கடிபட்டவரை உட்காரவோ படுக்கவோ வைத்து, நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தசை அசைய அசைய நஞ்சு வேகமாகப் பரவும். மோதிரம், மெட்டி, கொலுசு, வளையல், கடிகாரம், இறுக்கமான உடை எல்லாவற்றையும் வீங்கும் முன் கழற்றுங்கள். கை கால் அசையாமல் இருக்க இரண்டு பட்டை மரத்தையோ மடித்த அட்டையையோ வைத்துத் துண்டால் தளர்வாகக் கட்டுங்கள், ஒரு விரல் உள்ளே போகிற அளவுக்கு. கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இறுக்கிக் கயிறு கட்டாதீர்கள். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நஞ்சு சதையை அழுகச் செய்யும். கட்டினால் நஞ்சும் அங்கேயே தேங்கும், ரத்த ஓட்டமும் நிற்கும், விரலோ காலோ போகும். யாராவது ஏற்கெனவே கட்டிவிட்டிருந்தால் வழியில் அவிழ்க்காமல் ஆஸ்பத்திரியில் டாக்டர் முன்னால் அவிழ்க்கவேண்டும். தேங்கிய நஞ்சு ஒரே மூச்சில் ஏறும். கீறுவது, உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது, தேய்த்துக் கழுவுவது கூடாது. ரத்தம் உறையாத நிலையில் பிளேடு கீறல் நிற்காமல் ஒழுகும்.

வேப்பிலை கசக்கிறதா, மிளகு காரமாக இருக்கிறதா என்று மெல்லக் கொடுத்துப் பார்க்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. இதனால் எதுவும் தெரியாது. கட்டுவிரியனோ நல்ல பாம்போ கடித்திருந்தால் விழுங்கும் தசைகள் செயலிழந்து, மென்றது மூச்சுக்குழலில் போய் அடைக்கும். பச்சிலை வைத்தியம் பலித்ததாகச் சொல்லப்படுபவற்றில் பல, நஞ்சு இறங்காத கடிகள். பாம்பு கடித்தாலே நஞ்சு இறங்கிவிட்டது என்று பொருளில்லை. எது இறங்கிய கடி என்று முதல் மணி நேரத்தில் யாராலும் சொல்ல முடியாது.

108-க்குப் பேசுங்கள். வண்டி வரத் தாமதமாகும் என்றால் சொந்த வண்டியில் கிளம்பி வழியில் மாறிக்கொள்ளலாம். பைக்தான் என்றால் கடிபட்டவரை நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். வாந்தி வந்தால் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவையுங்கள். கிளம்பும்போதே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பேசி, டாக்டர் இருக்கிறாரா, நச்சுமுறி இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கே முதல் டோஸ் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவது நல்லது. மூச்சுத்திணறல் தொடங்கியிருந்தால் வென்டிலேட்டர் உள்ள இடத்துக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

டாக்டரிடம் சொல்ல வழியெல்லாம் கவனித்துக்கொண்டே வாருங்கள்: இமை சரிகிறதா, நாக்கை முழுதாக நீட்ட முடிகிறதா, பேச்சு குழறுகிறதா, ஈறிலோ மூக்கிலோ ரத்தம் வருகிறதா. வீக்கத்தின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டுப் பக்கத்தில் மணியை எழுதுங்கள்.

கடித்ததே தெரியாத கேஸ்களுக்கு ஒரு குறிப்பு. தரையில் படுத்திருந்தவர் விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி என்று எழுந்து, கூடவே இமை கனக்கிறது, விழுங்க முடியவில்லை என்றால் அஜீரணம் என்று சோடா கொடுக்காமல் கட்டுவிரியனைச் சந்தேகித்துக் கிளம்புங்கள். முழுக்கச் செயலிழந்தவர் கண் திறக்க மாட்டார், விரலை அசைக்க மாட்டார், ஆனால் பேசுவது அவர் காதில் விழுந்துகொண்டிருக்கும். மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டே ஆஸ்பத்திரி வரை போனவர்கள் பிழைத்திருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் முதலில் 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிஷம் அசைக்காமல் வைப்பார்கள். உறையவில்லை என்றால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் நஞ்சு வேலை செய்கிறது. நஞ்சின் அறிகுறி இருந்தால் முதல் டோஸ் 8 முதல் 10 குப்பி, குளுக்கோஸோடு நரம்பு வழியே. குழந்தைக்கும் அதே அளவுதான். பாம்பு குழந்தை என்று பார்த்து நஞ்சைக் குறைத்துவிடுவதில்லை. நச்சுமுறி ஏறும்போது உடம்பில் தடிப்பு, நடுக்கம், மூச்சிரைப்பு வந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். அதற்கு மருந்து தயாராக வைத்திருப்பார்கள், மருந்தை நிறுத்திவிட்டு வீட்டுக்குக் கூட்டிப்போக அது காரணமாகாது.

மேற்குத் தொடர்ச்சி மலைத் தோட்டங்களில் குழிவிரியன் கடித்தால் இந்த நச்சுமுறி அதற்கானதல்ல. படம் இருந்தால் டாக்டருக்கு அங்கே பெரிய உதவி.

ஒன்றுமே தெரியாவிட்டாலும் 24 மணி நேரம் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். கண்ணாடி விரியன் கடித்து வீடு திரும்பியவருக்கு அடுத்த சில நாட்களில் சிறுநீர் குறைந்தாலோ, கறுத்தாலோ, முகம் வீங்கினாலோ சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கலாம். அன்றே திரும்பப் போய்க் காட்டுங்கள், முதலில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டையும் எடுத்துக்கொண்டு.